சனிக்கிழமைச் சம்பளம் வெள்ளிக்கிழமை வரை வருமா?

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பவர்டேபிள் ஓட்டுகிறவர், செக்கிங் பார்க்கிறவர், கைமடிக்கிறவர் என்று பெரும்பாலானோருக்குச் சம்பளம் மாதக் கடைசியில் வருவதில்லை. சனிக்கிழமைதான் சம்பள நாள். அன்றிரவு மளிகைக் கடையிலும் கறிக்கடையிலும் நிற்க இடம் இருக்காது. புதன்கிழமை அதே மளிகைக் கடைக்குப் போனால், கல்லாவைவிடப் பற்று நோட்டுதான் அதிகம் திறந்து மூடப்படும். சனிக்கிழமை கை நிறைய வந்த காசு நான்கே நாளில் எங்கே போனது என்று கேட்டால், எந்த வீட்டிலும் முதலில் சுட்டப்படுவது அடுப்படி. எண்ணெய் அதிகம், காய் அதிகம், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் அதிகம். சிக்கனம் என்ற பேச்சு எடுத்தாலே கத்தி வைக்கப்படும் இடம் சாப்பாட்டுத் தட்டு.

அந்த இடம் தவறு. வீட்டுச் செலவைப் பற்றி எழுதப்படும் யோசனைகளில் பெரும்பாலானவை இந்தத் தவறான இடத்திலிருந்துதான் தொடங்குகின்றன. வருமானம் குறைந்த வீட்டில் பணம் பெரிதாக ஒழுகுவது உணவில் இல்லை. காசு வரும் நாளுக்கும் தேவை வரும் நாளுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில்தான் ஒழுகுகிறது. சில்லறையாக வாங்குவதால் கூடுதல் விலை, பற்றில் வாங்குவதால் பேரம் பேச முடியாத நிலை, அவசரத்துக்கு வாங்கும் கடனுக்கு வட்டி என எல்லாம் அந்த இடைவெளிக்கு நாம் கட்டும் கூலி.

மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2022-23இல் நடத்திய வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு நபருக்கான சராசரி மாதச் செலவு கிராமப்புறத்தில் 5,310 ரூபாய், நகர்ப்புறத்தில் 7,630 ரூபாய். நான்கு பேர் உள்ள நகர்ப்புற வீட்டுக்கு மாதம் முப்பதாயிரத்துக்குச் சற்று மேலே வருகிறது. இந்திய அளவில் இந்தச் செலவில் உணவின் பங்கு கிராமத்தில் 46 சதவீதம், நகரத்தில் 39 சதவீதம். அதாவது செலவில் பாதிக்குமேல் உணவல்லாதது. இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடனுக்குக் கட்டும் வட்டி இந்தக் கணக்கெடுப்பில் நுகர்வுச் செலவாகச் சேர்வதில்லை. வீட்டுக் கணக்கு நோட்டுகளிலும் அது பெரும்பாலும் ஏறுவதில்லை. அரிசி, பருப்பு, பால் எழுதுவோம். வட்டியை மனதுக்குள் வைத்துக்கொள்வோம்.

கால் கிலோவின் விலை

கணவனும் மனைவியும் கம்பெனிக்குப் போய் வாரம் 6,000 ரூபாய் கொண்டுவரும் ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள், லைன் வீட்டில் வாடகை. மாதம் 26,000 ரூபாய் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த 26,000 ரூபாய் ஒருநாளும் ஒன்றாக அவர்கள் கையில் இருந்ததில்லை. அதனால் எண்ணெயை ஐந்து லிட்டர் டின்னாக வாங்க முடியாது. அரை லிட்டர் பாக்கெட்தான். பருப்பு கால் கிலோ. துணி சோப்பு ஒற்றைக் கட்டி. மாதச் சம்பளக்காரர் ஒன்றாம் தேதி மொத்த மளிகைக் கடையில் லிஸ்ட் கொடுத்து வாங்கும் அதே சாமானை, வாரச் சம்பளக்காரர் தெருமுனைக் கடையில் சிறு சிறு பொட்டலமாக வாங்கி வருடம் முழுக்கக் கூடுதல் விலை கொடுக்கிறார்.

இதில் கண்ணை மூடிக்கொண்டு 'மொத்தமாக வாங்கினால் மலிவு' என்று சொல்லிவிடவும் முடியாது. ஷாம்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பொட்டலத்தில் அடைத்த ஷாம்புவை நாட்டுக்கு அறிமுகப்படுத்தியதில் கடலூர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்ததை, அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 'சிக்' ஷாம்புவாக ஊர் ஊராகக் கொண்டுபோனார். இன்றும் பல ஷாம்புகளில் மில்லிக்கு மில்லி கணக்குப் பார்த்தால் பாட்டிலைவிட ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்ப் பொட்டலம்தான் மலிவு. பிஸ்கட் பாக்கெட்டில் கதை வேறு. விலை அதே ஐந்து ரூபாய், அதே பத்து ரூபாய் என்று பல வருடம் நிற்கும். உள்ளே எடை மட்டும் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே வரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இப்போது பாக்கெட்டிலேயே இருக்கிறது. அடைத்து விற்கும் பொருள்களில் அதிகபட்ச விலையோடு, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எவ்வளவு என்ற அலகு விலையையும் அச்சிட வேண்டும் என்று எடையளவு விதிகள் சொல்கின்றன. எழுத்து பொடியாக இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிப்போய் அதைப் படிக்கச் சொல்லலாம். பள்ளிக்கூடக் கணக்கைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்கள். பத்து ரூபாய் பாக்கெட் இரண்டு வாங்குவதா, இருபது ரூபாய் பாக்கெட் ஒன்று வாங்குவதா என்பதை அந்தச் சின்ன எண் சொல்லிவிடும்.

அரிசி மூட்டையிலும் ஒரு சங்கதி. 2022 ஜூலையில், அடைத்து லேபிள் ஒட்டி விற்கும் அரிசிக்கு 25 கிலோ வரை ஐந்து சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. அதற்குப் பிறகுதான் கடைகளில் 26 கிலோ மூட்டை பரவியது. 25 கிலோவைத் தாண்டினால் அந்த வரி இல்லை. இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு 26 கிலோ மூட்டையை வாங்கிப் பிரித்துக்கொள்வது, தனித்தனியாக ஐந்து கிலோ பை வாங்குவதைவிட வரியிலும் விலையிலும் லாபம். லைன் வீடுகளில் இது கஷ்டமான காரியமும் இல்லை. ஒரே முற்றத்தில் ஆறு, எட்டு குடும்பம் இருக்கிற இடம் அது. புளியும் மிளகாயும் வரத்து மிகுந்து விலை இறங்கும் பங்குனி, சித்திரையில் இரண்டு மூன்று வீடு சேர்ந்து வாங்கி வெயிலில் காயவைத்து வைத்தால் ஐப்பசி விலையை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

ரேஷன் கடையை விடாதீர்கள்

ஊரைவிட்டுத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் பிழைக்க வந்த குடும்பங்களில் கார்டு ஊரில் மாமியார் கையிலோ, பெட்டியிலோ கிடக்கும். அங்கே யாரும் வாங்காமல் போகிற மாதமும் உண்டு. 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டுக் கார்டை வைத்து மாநிலத்தில் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம். கைரேகை வைத்தால் போதும். இது தெரிந்தும் வாங்காமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம். கடை திறந்திருக்கும் நேரத்தில் இவர்கள் கம்பெனியில் இருப்பார்கள்.

நான்கு பேர் உள்ள அரிசிக் கார்டுக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி, 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளிக்கடையில் பருப்பும் எண்ணெயும் இதைப் போல நான்கு மடங்கை ஒட்டி விற்கின்றன. அரிசியை மிகக் குறைந்த சந்தை விலைக்கு மதிப்பிட்டாலும் எல்லாம் சேர்த்து மாதம் எண்ணூறு ரூபாய்க்குக் குறையாது. அரை நாள் கூலியை விட்டுக் கியூவில் நின்றாலும் லாபம்தான். ரேஷன் அரிசி சோற்றுக்கு ஒத்துவரவில்லை என்கிற வீடுகளில்கூட அது இட்லி மாவுக்கு நன்றாகவே வரும். நன்றாகக் களைந்து, கூட கொஞ்சம் நேரம் ஊறவைத்து, உளுந்தைத் தனியாகப் பொங்கப் பொங்க ஆட்டினால் போதும்.

மாவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கடையில் விற்கும் பாக்கெட் மாவின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். வீட்டில் ஆட்டினால் செலவு பாதிக்குக் கீழே இறங்கும். ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்பும் பெண்ணிடம் போய் 'மாவு ஆட்டுவதுதானே' என்று கேட்கிற உரிமை யாருக்கும் கிடையாது. அவள் பாக்கெட் மாவு வாங்குவது ஊதாரித்தனம் ஆகாது. தூக்கத்தை விலை கொடுத்து வாங்குகிறாள். அந்த வீட்டில் கிரைண்டர் ஓட வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை ஓட்ட வேண்டியவர் கணவர்.

மீட்டரில் ஒரு படிக்கட்டு

மின்கட்டணத்தில் நம் வீடுகள் இழக்கும் பணம், அடுப்படியில் மிச்சம் பிடிக்கும் பணத்தைவிட அதிகம். 2016இலிருந்து எல்லா வீட்டு இணைப்புகளுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாகக் கட்டணம் ஏறும். அந்தப் படிகளில் 500 யூனிட் என்ற படியைத்தான் தாண்டக் கூடாது. தாண்டினால், கூடுதலாக எரித்த யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. கீழே 101 முதல் 200 வரை இருந்த சலுகை விலையும் பறிபோகிறது.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்துக் கணக்குப் போட்டால் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! அதற்குப் பிறகு விலைகள் கொஞ்சம் கூடியிருக்கின்றன. படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை. கணக்கெடுப்பவர் வந்துபோன தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, சரியாக முப்பதாவது நாள் நாமே மீட்டரைப் பார்த்தால் பாதித் தூரத்தில் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். 250ஐத் தாண்டியிருந்தால் மீதி ஒரு மாதத்தில் சுதாரித்துக்கொள்ளலாம்.

மின்விசிறியும் கவனிக்க வேண்டியதுதான். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் பழையது 54 யூனிட், புதியது 22 யூனிட். ஒரு விசிறியில் 32 யூனிட் வித்தியாசம். நல்ல விசிறியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டியதில்லை. பழையது காயில் போய் ரிப்பேர் கடைக்குப் போகிற நாளில் இதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். 500ஐ ஒட்டி நிற்கிற வீடு என்றால் உடனே மாற்றுவது நல்லது.

இவ்வளவும் சொந்தமாக மின் இணைப்பு உள்ள வீடுகளுக்கு. லைன் வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு நடப்பதை நினைத்தால் கோபம் வருகிறது. பல இடங்களில் மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே இணைப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் உள்மீட்டர். யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாடகையோடு சேர்த்து வசூல். இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் செலவாகும் ஒரு சின்னக் குடும்பம் தனி இணைப்பில் இருந்தால் 2022 கட்டணப்படி கட்ட வேண்டியது 45 ரூபாய். உள்மீட்டரில் எட்டு ரூபாய்க் கணக்கில் 960 ரூபாய். அரசாங்கம் ஏழை வீட்டுக்கு என்று கொடுக்கும் நூறு யூனிட், அந்த ஏழை வீட்டின் வாசல் வரை வந்து நின்றுவிடுகிறது. எல்லா வீட்டுப் பயன்பாடும் ஒரே மீட்டரில் சேர்வதால் வீட்டுக்காரருக்கும் மேல்படிக் கட்டணம்தான் வருகிறது. அவரை மட்டும் குற்றம் சொல்லியும் பயனில்லை. குடியிருப்பவர் பெயரில் பயன்பாட்டைக் கணக்கிடும் ஏற்பாட்டை மின்வாரியம் செய்ய வேண்டும். அதுவரை, வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருமா, கழிப்பறை பொதுவா என்று கேட்பதற்கு முன்பே 'கரண்டு தனி சர்வீஸா?' என்று கேட்கட்டும். தனி இணைப்பு உள்ள வீட்டுக்கு மாதம் 400 ரூபாய் வாடகை கூடக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

நூறு நாள் தண்டல்

வீட்டுக்குள் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் நிற்காமல் போவது வட்டி. நூற்றுக்கு மூன்று வட்டி என்று வாயில் சொல்லும்போது சின்னதாகத் தெரியும். வருடத்துக்கு 36 சதவீதம் அது. பத்து வட்டி என்றால் 120 சதவீதம்.

தண்டலில் வட்டி விகிதமே யாரும் சொல்வதில்லை. பத்தாயிரம் ரூபாய்க் கடன் என்பார்கள். ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் கொடுப்பார்கள். தினமும் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். 'ஆயிரம் ரூபாய்தானே வட்டி, பத்துப் பர்சென்ட்' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. நூறு நாளில் சராசரியாக நம் கையில் நின்ற பணம் 4,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் ஆயிரம் ரூபாய் என்றால், வருடக் கணக்கில் 80 சதவீதத்துக்கு மேல். இந்த ஒரு கணக்கைப் பெண்கள் குழுக்கூட்டத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் போதும். சிக்கனம் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

மாதச் சம்பளக்காரர்கள் இதைப் படித்துவிட்டு நமக்கென்ன என்று இருந்துவிட வேண்டாம். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியைத் தள்ளிப்போடுகிறவர்களுக்குப் பல வங்கிகள் மாதம் மூன்றரை சதவீதம் வரை போடுகின்றன. வருடத்துக்கு 42. பெயர்தான் வேறு.

கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. வாரத் தவணைக் கடன்காரர்கள் வீட்டு வாசலில் வந்து அவமானப்படுத்துவதைத் தடுக்க 2025இல் இன்னொரு சட்டமும் நிறைவேறியது. சட்டம் வந்தும் வாடிக்கை நிற்கவில்லை. காரணம், அவசரத்துக்கு அரை மணி நேரத்தில் ஐயாயிரம் கொடுக்க வேறு யாரும் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வங்கி திறக்கும் வரை காத்திருக்க முடியாது.

இந்த இடைவெளியை அடைக்க நம்மிடம் உள்ள நல்ல ஏற்பாடு மகளிர் சுய உதவிக் குழு. 1989இல் தருமபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவியது. மானியம், வங்கிக் கடன் என்று வெளியிலிருந்து வரும் பணத்துக்காகவே குழுவில் சேர்கிறோம் என்ற எண்ணம் பலரிடம் இருக்கிறது. அதன் அசல் பலம் உள்சேமிப்பு. பன்னிரண்டு பேர் சேர்த்த பணத்திலிருந்து ஒருவருக்கு நூற்றுக்கு ஒன்று, இரண்டு வட்டிக்குக் கொடுத்தால், அந்த வட்டியும் பன்னிரண்டு பேருக்கே திரும்பி வருகிறது. இதை விட்டுவிட்டு வெளிக் கடனை வாங்கித் தரும் வாசலாக மட்டும் குழுவைப் பயன்படுத்தினால், குழுவே கடனுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

தீபாவளிச் சீட்டு போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதாமாதம் கட்டி ஐப்பசியில் பாத்திரமும் பட்டாசும் ஸ்வீட் பாக்ஸும் வாங்குவது ஒரு வகையில் சேமிப்புதான். கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று தெரிந்து ஒருவரிடம் கொடுத்துவைக்கிறோம். ஆனால் ஏலச்சீட்டு நடத்துகிறவர் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாத இடத்தில் போட்ட பணத்துக்கு ரசீதும் இல்லை, முறையிட இடமும் இல்லை. அதே பணத்தை அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் நூறு ரூபாயிலிருந்தே கட்டலாம். பெண் குழந்தை இருந்தால் வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினாலே செல்வமகள் கணக்கு உயிரோடு இருக்கும்.

மொய்யையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து வைத்து லட்சக் கணக்கில் வாங்கித் தொழில் தொடங்கியவர்கள் உண்டு. வட்டியில்லாமல் மொத்தத் தொகை கைக்கு வருகிற அருமையான வழி அது. ஆனால் மொய் நோட்டில் எழுதியிருப்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். யாருக்கு எந்த மாதம் எவ்வளவு செய்ய வேண்டியிருக்கும் என்று முன்பே பார்க்காத வீட்டில், ஆவணி முகூர்த்தங்கள் வரும்போது தண்டல்காரரைத் தேட வேண்டிவரும்.

அம்மாவின் தட்டு

பணம் போதாத வாரத்தில் கறி குறையும், பால் குறையும், பழம் நிற்கும். அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவில் குறைவதில்லை. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பரிமாறிவிட்டு, மிச்சக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிடுவது அம்மா. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது என்று 2019-21இல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இதற்குக் காரணங்கள் பல. ஆனால் கடைசியாகச் சாப்பிடுவது அதில் ஒன்று இல்லை என்று யாராவது சொல்ல முடியுமா? அவள் உடம்பிலிருந்து எடுத்த மிச்சத்தை எந்தக் கணக்கிலும் மிச்சம் என்று எழுதக் கூடாது. பின்னால் அது மருந்துச் சீட்டாக வந்து சேரும்.

சத்தான சாப்பாடு விலை உயர்ந்த சாப்பாடாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மத்தி மீன் மலிவாக வருகிற நாளில் வஞ்சிரத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. முட்டை, வேர்க்கடலை, கேழ்வரகு, முருங்கைக் கீரை எல்லாம் நம் தெருவில் கிடைப்பவை. 1999 நவம்பரில் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை இப்போது பல ஊர்களில் இருக்கிறது. விலைப் பலகை வாசலிலேயே இருக்கும். விடியற்காலையில் காய் பளிச்சென்று இருக்கும். கடை கட்டும் நேரத்தில் விலை இறங்கும். அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு மதிய உணவும் முட்டையும் உண்டு. தொடக்கப் பள்ளி என்றால் காலைச் சிற்றுண்டியும் உண்டு. இதை வாங்கிச் சாப்பிடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். பிள்ளையின் உரிமை அது.

சாப்பாட்டைக் குறைக்கச் சொல்கிற அதே வீட்டில் தொடப்படாமல் இருக்கும் ஒரு செலவு உண்டு. 2024 பிப்ரவரியில் டாஸ்மாக்கில் சாதாரணக் குவார்ட்டர் 140 ரூபாய் ஆனது. வாரத்துக்கு மூன்று என்றால் 420 ரூபாய், வருடத்துக்கு 21,840. மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் வீதம் வருடத்துக்கு 12,000. மனைவியின் கணக்கில் அரசாங்கம் போடுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கைக் கணவர் அரசாங்கக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கடுகு டப்பாவில் இருபதும் ஐம்பதுமாக ஒளித்துவைத்து ஒரு பெண் வருடம் முழுக்கச் சேர்ப்பது இதில் கால்வாசி இருக்காது. வரவு செலவைச் சரிசெய்ய நினைக்கிற குடும்பம் இந்த வரியை எழுதாமல் நோட்டைத் தொடங்குவதில் அர்த்தமில்லை.

சிக்கனம் என்பது வேலை. கியூவில் நிற்பது, விலை விசாரிப்பது, சந்தைக்கு நடப்பது, கிழிந்ததைத் தைப்பது, மிஞ்சியதை மறுநாளுக்கு மாற்றிச் சமைப்பது எல்லாமே நேரம். 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தால், அந்த 299ஐ 350 ஆக்குவது முடிவாக இருக்கக் கூடாது. ரேஷன் கடை ஆண்கள் பொறுப்பு, உழவர் சந்தை பெரிய பிள்ளையின் பொறுப்பு, மீட்டர் பார்ப்பது சின்னவள் பொறுப்பு என்று பிரிந்தால்தான் இது ஒரு வருடம் தாங்கும்.

ஒரு வாரம் முன்னால்

எல்லாவற்றுக்கும் ஒரே வழி எது என்று கேட்டால், ஒரு வாரச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொள்வது என்பேன். இந்த வாரச் செலவை இந்த வாரச் சம்பளத்தில் செய்யாமல், போன வாரச் சம்பளத்தில் செய்கிற நிலைக்கு வந்துவிட்டால் பற்று நோட்டு தேவையில்லை. பருப்பைக் கிலோவாக வாங்கலாம். காய்ச்சலுக்குத் தண்டல் வாங்க வேண்டாம்.

அந்த முதல் ஆறாயிரத்தை எங்கிருந்து எடுப்பது? தீபாவளி போனஸிலிருந்து. சட்டம் சொல்லும் குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அதில் துணியும் பலகாரமும் போக, ஒரு வாரச் சம்பளத்தை மட்டும் தொடாமல் வைக்க முடிந்தால் கார்த்திகையிலிருந்தே அந்தக் குடும்பம் ஒரு வாரம் முன்னால் நடக்கும். போனஸ் இல்லாத பீஸ் ரேட்காரர்களுக்கு வழி மெதுவானது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. அந்த மிச்சத்தைப் பொதுச் செலவில் கரையவிடாமல் தனியே எடுத்துவைத்தால் ஏழு மாதத்தில் ஆறாயிரம் சேர்ந்துவிடும். உரிமைத் தொகை வருகிற வீட்டில் அதையும் சேர்த்தால் நான்கு மாதத்துக்குள் முடியும்.

மருந்துச் செலவைக் கட்டுப்படுத்துவதற்கும் வழி இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை நோய் வருவதற்கு முன்பே எடுத்துவைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைகிறவர்களின் தவிப்பைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

அடுத்தது வருடச் செலவு. வைகாசி, ஆனியில் பள்ளிக் கட்டணமும் நோட்டுப் புத்தகமும், ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கலுக்கு ஊர்ப் பயணம், இடையில் குலதெய்வக் கோயில், முகூர்த்த மொய். ஒவ்வொரு வருடமும் தவறாமல் வருகிற இவற்றை நாம் ஒவ்வொரு முறையும் திடீர்ச் செலவு என்கிறோம். பழைய நோட்டு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி எதிரே தொகையைப் போடுங்கள். பள்ளிக்கு 12,000, தீபாவளிக்கு 10,000, ஊருக்குப் போய்வர 6,000, மொய்க்கு 6,000, வைத்தியத்துக்கு 5,000 என்று வைத்தால் மொத்தம் 39,000. ஐம்பத்திரண்டு வாரத்தால் வகுத்தால் வாரம் 750 ரூபாய். சனிக்கிழமைச் சம்பளத்தில் அந்த 750ஐ முதலில் எடுத்துக் குழுவிலோ அஞ்சலகத்திலோ போட்டுவிட்டு மீதி 5,250 ரூபாயில் வாரத்தைத் திட்டமிடுங்கள். முதல் சில வாரம் இடிக்கும். அப்போது எங்கே இடிக்கிறது என்று கணவன், மனைவி, விவரம் தெரிந்த பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்து நோட்டைப் பாருங்கள். வட்டிக்கும் குவார்ட்டருக்கும் தனித்தனி வரி போட்டுப் பாருங்கள். 750 எடுக்க முடியவில்லை என்றால் 300இல் தொடங்கி, முதலில் வரும் பெரிய செலவான பள்ளிக் கட்டணத்துக்கு மட்டும் சேர்க்கலாம்.